மீட்டர் வைத்த இடம்

டீச்சர்: கையை எடுங்க. இழுத்தவ நான், திரும்பச் சுவரோட ஒட்டித் தள்ளவும் எனக்குத் தெரியும்.

சவுண்டு: இவ்ளோ பெரிய கட்டிலை நீ ஒருத்தியாவா இழுத்த? இடுப்பு போயிடும்.

டீச்சர்: பெண்டாட்டிக்குப் புத்தி போயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. இடுப்பு ஒண்ணுதானே பாக்கி? அதுவும் போகட்டும்.

சவுண்டு: ஆரம்பிச்சுட்டியா...

டீச்சர்: இல்ல. இன்னும் ஆரம்பிக்கல.

சவுண்டு: கார் வந்துடும். முகத்தைக் கழுவிட்டு வேற துணி மாத்திக்கோ. பெட்டி கட்டி வெச்சுட்டேன்.

டீச்சர்: திறந்து பாத்தேன். ரெண்டு போர்வை, மாத்திரை டப்பா, செருப்பு. சீப்பு வைக்கலையே? போற இடத்துல யார் தலைவாரப் போறான்னு விட்டுட்டீங்களா?

சவுண்டு: மறந்துட்டேன்.

டீச்சர்: பைத்தியத்துக்கு எதுக்குச் சீப்பு.

சவுண்டு: இதோ பாரு, அந்த வார்த்தையை நான் ஒரு தடவை கூடச் சொன்னதில்ல.

டீச்சர்: சொல்லல. நீங்க 'ஓய்வு'ன்னு சொன்னீங்க. உங்க அக்கா 'ட்ரீட்மென்ட்'னு சொன்னாங்க. ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸ், 'உடம்பைப் பாத்துக்கோங்க டீச்சர்'னு சொல்லிட்டு இந்த வாரம் என் வகுப்பைத் தூக்கி கணக்கு டீச்சர் கையில குடுத்துட்டாங்க. எல்லாரும் ஒரே வார்த்தையைச் சுத்திச் சுத்தித்தான் வர்றீங்க. யாருக்கும் வாயைத் திறந்து சொல்லத் துப்பில்ல.

சவுண்டு: ஒரு மாசம்தானே? மரம், தோட்டம், நல்ல காத்து. அங்க யாரும் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க. நிம்மதியாத் தூங்குவ.

டீச்சர்: இங்கயே தூங்குவேன். நீங்க ஒரு காரியம் பண்ணினா.

சவுண்டு: என்ன காரியம்?

டீச்சர்: படுங்க.

சவுண்டு: என்னது?

டீச்சர்: இந்தக் கட்டில்ல, என் இடத்துல, தலையைச் சுவரோட ஒட்டி வெச்சுப் படுங்க.

சவுண்டு: இப்போவா? கார் வர்ற நேரத்துல...

டீச்சர்: கார் நிக்கும். காருக்கு என்ன, அதுவா மாத்திரை முழுங்குது?

சவுண்டு: மறுபடியும் சுவர்ல கேக்குதுங்கிற அதே சத்தமா? இதைப் பத்தி எவ்ளோ பேசியாச்சு! ஸ்டாண்டு போட்டு, சத்தம் அளக்கிற மீட்டர் வெச்சுக் காட்டினேனா இல்லையா? உன் கண்ணால பாத்தியா இல்லையா?

டீச்சர்: பாத்தேன். ரூமுக்கு நட்டநடுவுல மூணு கால் ஸ்டாண்டை நிறுத்தி, அது மேல மீட்டரை மாட்டி, 'பாரு, ஒண்ணுமே இல்ல, மீட்டர் பொய் சொல்லாது'ன்னீங்க. நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன். சத்த விஷயத்துல உங்களை எதுத்துப் பேச நான் யாரு? எந்த ஹாலைக் கட்டினாலும் ஸ்பீக்கர் எங்க வைக்கணும்னு உங்களைத்தான் கேக்கறாங்க. வீட்டு வாசல்ல வந்து பேர் சொல்லிக் கூடக் கூப்பிடறதில்ல, 'சவுண்டு இருக்காரா'ங்கிறாங்க.

சவுண்டு: அப்புறம் என்ன?

டீச்சர்: இப்பல்லாம் கூப்பிட்டுட்டுத் திட்டறாங்கங்கிறது வேற விஷயம்.

சவுண்டு: யார் திட்டறா?

டீச்சர்: நேத்து போன்ல அந்த ஹால்காரர் கத்தினது சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சே. ஒருத்தர் மைக் பிடிச்சு நாலு வார்த்தை பேசினா முன்வரிசை நாற்காலி எல்லாம் அதிருதாம். 'என்ன சவுண்டு சார், எல்லாத்தையும் தாம்தூம்னு வெச்சுட்டுப் போயிட்டீங்க'ன்னு...

சவுண்டு: அவனுக்கு என்ன தெரியும்? காசு குடுத்தா காதும் வந்துடுமா?

டீச்சர்: எனக்கு என்ன வந்துச்சு. நான் சொல்ல வந்தது வேற. நேத்து நீங்க வெளிய போனதும் நான் அந்த மீட்டரை எடுத்தேன்.

சவுண்டு: எதை?

டீச்சர்: உங்க மீட்டரை. அலமாரி மேல உறை போட்டு வெச்சிருந்தீங்களே.

சவுண்டு: அதைத் தொடக் கூடாதுன்னு சொல்லிருக்கேன்ல! தொழில் சாமான் அது.

டீச்சர்: எனக்கும் அதுதான் தொழில். நீங்க சத்தம் போடறீங்க, நான் சத்தம்னா என்னன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றேன்.

சவுண்டு: டீச்சர் பாடம் எடுக்க வந்துட்டாங்க. கையைக் கட்டிக்கணுமா?

டீச்சர்: கட்டிக்கிட்டா நல்லதுதான். போன வாரம் வகுப்புல கயிறு ஆட்டிக் காட்டினேன். ஒரு முனையை ஜன்னல் கம்பியில கட்டிட்டு, மறுமுனையை என் கையால ஆட்டினேன். ஏதோ ஒரு வேகத்துல வந்ததும் அலை ஓடறது நின்னுடும். கயிறு நின்ன இடத்துலயே மேலயும் கீழயும் ஆடும். நடுவுல ஒரு புள்ளி மட்டும் அசையவே அசையாது.

சவுண்டு: நிலை அலை. இதை எனக்கே சொல்லித் தர்றியா? எந்த ஹால்ல நுழைஞ்சாலும் நான் முதல்ல தேடறதே அதைத்தான்.

டீச்சர்: ரொம்ப நல்லது. ஞாபகம் வெச்சுக்கோங்க. அப்போ கடைசி பெஞ்சுப் பொண்ணு ஒருத்தி கேட்டா. 'அந்தப் புள்ளி சும்மாதானே இருக்கு மிஸ், அங்க சக்தியே இல்லையா?'ன்னு. நான் சொன்னேன்: 'கண்ணுக்குத்தான் சும்மா இருக்கு. மத்த இடத்துல சக்தி ஓட்டமா இருக்கு, அங்க இழுவையா இருக்கு. கயிறு ஜாஸ்தியா இழுபடறதே அந்த அசையாத இடத்துலதான்.' சொல்லிட்டு, கையில கயித்தோட அப்படியே நின்னுட்டேன். பிள்ளைங்க சிரிச்சுதுங்க. டீச்சருக்கு மறுபடியும் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சிருக்கும்ங்க.

சவுண்டு: என்ன ஆச்சு?

டீச்சர்: நம்ம கட்டில் ஞாபகம் வந்துச்சு. ரூமும் அந்தக் கயிறு மாதிரிதானே? இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவுல காத்து ஆடுது. கீழ உங்க தம்பியோட பழக் கிடங்குல ஓடற கூலிங் மெஷின் இருக்கே, அதோட சத்தமும் இந்த ரூம் நீளமும் அளவெடுத்துத் தெச்ச மாதிரி பொருந்திப் போச்சு. ரூம் நடுவுல காத்து இப்படியும் அப்படியும் ஓடுது, அழுத்தம் ஏற மாட்டேங்குது. சுவரோரம் காத்துக்கு ஓட வழியில்ல. அதனால அழுத்தம் மொத்தமும் அங்க. மீட்டர் ஓட்டத்தையா அளக்குது? அழுத்தத்தைத்தானே அளக்குது. காதும் அப்படித்தான்.

சவுண்டு: எல்லாம் சரி, ஆனா...

டீச்சர்: ஆனா?

சவுண்டு: சுவர்கிட்ட மீட்டர் வைக்கக் கூடாதுங்கிறது எங்க தொழில்ல விதி. சுவர்ல மோதித் திரும்பற சத்தம் கணக்கைக் கெடுத்துடும். எவனைக் கேட்டாலும் தள்ளி நடுவுலதான் வைன்னு சொல்வான்.

டீச்சர்: வைங்க. விதிப்படியே வைங்க. ஆனா நான் நடுவுலயா தூங்கறேன்? அந்தரத்துலயா தொங்கறேன்? என் தலை எங்க இருக்கோ அங்க அளக்கணும்னு ஏங்க தோணல?

சவுண்டு: தோணல. பழக்க தோஷம். கை தானா நடுவுலதான் போகும்.

டீச்சர்: நானும் அப்படித்தான் நினைச்சேன். பாவம், பழக்கம்னு. கதவை மூடிட்டு மீட்டரைக் கையில பிடிச்சுக்கிட்டு, இந்தச் சுவர்லேர்ந்து அந்தச் சுவருக்கு மெதுவா நடந்தேன். தலைமாட்டுல நம்பர் உச்சிக்குப் போய் நிக்குது. ஒவ்வொரு அடிக்கும் இறங்குது. உங்க ஸ்டாண்டு நின்ன இடத்துல செத்த பாம்பு மாதிரி கிடக்கு. தாண்டிப் போனா மறுபடியும் ஏறுது. நான் அழுதுட்டேன். கையில மீட்டரை வெச்சுக்கிட்டு, ரூம் நடுவுல உக்காந்து ஓன்னு அழுதேன். எனக்கு ஒண்ணும் இல்லைன்னு ஒரு பெட்டி வந்து சொல்ல வேண்டியிருக்கு பாருங்க.

சவுண்டு: சரி, அழாத இப்போ.

டீச்சர்: இப்போ யாரு அழறா? அப்புறம் கதவைத் திறந்தேன். பொசுக்குன்னு எல்லாம் இறங்கிடுச்சு. அதான்! யாராவது கதவைத் திறந்து உள்ள வந்தா சத்தம் நின்னுடுதுன்னு தலையால தண்ணி குடிச்சுச் சொன்னேனே? டாக்டர் என்ன சொன்னாரு? 'தனியா இருக்கும்போது மட்டும்தான் கேக்குதாம்மா?'ன்னு ஒரு பார்வை பாத்துட்டு மாத்திரையைக் கூட்டிட்டாரு. உங்க அக்கா வந்தாங்க, கதவைத் திறந்து போட்டுட்டு ரூம் நடுவுல நின்னு, 'எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா'ன்னாங்க. அவங்க மேல தப்பில்ல. புருஷன் பெண்டாட்டி படுக்கிற கட்டில்ல வேற யார் வந்து தலை வெச்சுப் பாப்பா?

சவுண்டு: அதைத்தான் நானும் சொல்றேன். யார் மேலயும் தப்பில்ல. எல்லாருக்கும் தெரியாமப் போச்சு. அவ்ளோதான். காரை வேணா அனுப்பிடலாம்...

டீச்சர்: அவ்ளோ சுலபமாவா? பூசி மெழுகாதீங்க. தலைமாட்டு மேசையை நகர்த்தினா, அடியில தரையில மூணு கறுப்புத் தடம் இருக்கு. வட்ட வட்டமா, ரப்பர் பட்ட மாதிரி. மேசைக்கு நாலு கால்.

சவுண்டு: பழைய ஃபேன் நின்னுருக்கும்.

டீச்சர்: இருக்கும். சரி, ஒரே ஒரு கேள்வி. மீட்டர் தப்பான இடத்துல நின்னுச்சு. வந்தவங்க தப்பான இடத்துல நின்னாங்க. நீங்க எங்க இருந்தீங்க? ராத்திரியில என் பக்கத்துலதானே படுத்தீங்க? அதே தலைமாடு, அதே சுவர், மூடின கதவு. உங்களுக்கு மட்டும் எப்படிக் கேக்காமப் போச்சு?

சவுண்டு: நான் படுத்தா கட்டை மாதிரி தூங்கறவன்.

டீச்சர்: தூங்க விட்டாத்தானே? தோளைப் பிடிச்சு உலுக்கி, 'இப்போ கேளுங்க, இதோ இப்போ'ன்னு எழுப்பி உக்கார வெச்சேன். சுவர்ல காதை வெச்சுக் கேட்டுட்டு, என் முகத்தைப் பாத்துக்கிட்டே 'இல்லையே'ன்னு சொன்னீங்க. கதவு மூடித்தான் இருந்துச்சு. மெஷினும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

சவுண்டு: தூக்கக் கலக்கத்துல...

டீச்சர்: என் காதுல பூ சுத்தாதீங்க! ஒரு நாள் தூக்கக் கலக்கம், ரெண்டு நாள் தூக்கக் கலக்கம். மழைக்காலம் முடிஞ்சு வெயில் வந்தாச்சு, இன்னுமா கலக்கம் தெளியல?

தம்பி: அண்ணா... கார் வந்துடுச்சு.

சவுண்டு: என்ன?

தம்பி: கார் வந்து நிக்குது. டிரைவர் கேக்கறாரு...

சவுண்டு: கிணத்துக்குள்ளேர்ந்து பேசாதடா. வாயைத் திறந்து பேசு.

தம்பி: கத்திட்டுத்தானே இருக்கேன்? படியில ஏறும்போதே மூச்சு வாங்கக் கத்திட்டு வர்றேன்.

டீச்சர்: தம்பி குரலே அப்படித்தான், கட்டைக் குரல். எனக்கு நல்லாத்தான் கேக்குது. உள்ள வா தம்பி. நீயும் இரு.

தம்பி: நான் எதுக்கு அண்ணி உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல...

டீச்சர்: உன் மெஷினைப் பத்தித்தான் பேச்சு. வந்து கதவைச் சாத்து. நல்லா அழுத்திச் சாத்து. கீழ எல்லாம் சரியாத்தானே இருக்கு?

தம்பி: நீங்க சொன்ன மாதிரிதான் அண்ணி இருக்கு.

டீச்சர்: அப்போ சரி. இப்போ நீங்க படுங்க.

சவுண்டு: சின்னப் பையன் எதிர்ல என்ன இது கூத்து?

தம்பி: எனக்கு முடி நரைச்சாச்சு அண்ணா.

சவுண்டு: நீ சும்மா இரு. சரி, மீட்டரைக் கொண்டா. சுவர்ல வெச்சுப் பாத்துடறேன். நம்பர் வந்தா ஒத்துக்கறேன், போதுமா?

டீச்சர்: மீட்டர் ஓடல. பேட்டரி போச்சு.

சவுண்டு: என் பையில வேற இருக்கும்...

டீச்சர்: பையில இல்ல, பாத்துட்டேன். எதுக்கு மீட்டர்? ரெண்டு காது இருக்கே. அந்தக் காதை வெச்சுத்தானே ஊர்ல ராஜா மாதிரி நடந்தீங்க? எந்த ஸ்பீக்கர்ல எந்தக் கம்பி தளர்ந்திருக்குன்னு வாசல்ல நின்னே சொல்லுவீங்களே.

சவுண்டு: மீட்டர் இருந்தா நிச்சயமாச் சொல்லலாம், அதுக்குச் சொன்னேன்.

டீச்சர்: எனக்கு மீட்டர் வேண்டாம். என் புருஷன் சொல்லணும். படுங்க!

சவுண்டு: ...சரி. இதோ. படுத்தாச்சு. திருப்திதானே?

டீச்சர்: இன்னும் மேல ஏறிப் படுங்க. காது சுவர்ல படணும். ம்... இப்போ பேசாதீங்க. யாரும் பேசாதீங்க.

சவுண்டு: ...

தம்பி: அண்ணி...

டீச்சர்: உஷ்! ...என்ன? கேக்குதா?

சவுண்டு: இரு.

டீச்சர்: இருக்கேன். நல்லாக் கேளுங்க. நான் சொன்னதெல்லாம் சரியா இருந்தா கேட்டாகணும். கேக்கலைன்னா, நானே பெட்டியைத் தூக்கிட்டு அந்தக் கார்ல ஏறிடறேன். ஒரு மாசம் இல்ல, ஒரு வருஷம் கூட இருக்கேன். சொல்லுங்க.

சவுண்டு: ...கேக்குது.

டீச்சர்: என்ன?

சவுண்டு: கேக்குதுன்னேன்.

டீச்சர்: எப்படிக் கேக்குது?

சவுண்டு: எப்படின்னா... 'ம்ம்ம்'னு. நீ சொல்லுவியே, அந்த மாதிரிதான். அடித்தொண்டையில யாரோ முனகற மாதிரி. லேசா ஏறி இறங்குது.

டீச்சர்: சுவர்லேர்ந்தா?

சவுண்டு: சுவர்லேர்ந்துதான்.

தம்பி: அண்ணா, என்ன சொல்றீங்க நீங்க...

டீச்சர்: தம்பி, நீ பேசாம இரு! ...நிச்சயமாக் கேக்குதா? நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க.

சவுண்டு: கேக்குதுன்னு சொல்லிட்டேனே, இன்னும் என்ன? உனக்கு ஒண்ணும் இல்ல. நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. போதுமா? காரை அனுப்பிடலாம். அக்காவுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்.

டீச்சர்: இன்னைக்குக் கேக்குதுன்னா, இத்தனை நாளும் கேட்டிருக்கும். சுவர் அதே சுவர். மெஷின் அதே மெஷின். கேட்டுச்சா, இல்லையா?

சவுண்டு: கேட்டுச்சு.

டீச்சர்: கேட்டுச்சு?

சவுண்டு: ஆமா. கேட்டுச்சு. மறைச்சேன்.

டீச்சர்: ஏன்?

சவுண்டு: இவனுக்காகத்தான்.

தம்பி: எனக்காகவா!

சவுண்டு: கிடங்கு இப்போதான் தலைதூக்குது. மெஷினால வீட்டுல இருக்க முடியலைன்னா, தூக்கிட்டுப் போடான்னு நான் எப்படிச் சொல்லுவேன்? கூடப் பிறந்தவன். வேற எங்க போவான்? நாள் போனா உனக்குப் பழகிடும்னு நினைச்சேன். அது இவ்ளோ தூரம் போகும்னு எனக்கு என்ன தெரியும்...

தம்பி: அண்ணா! என் தலையில ஏன் கட்டறீங்க? அண்ணி முதல் நாளே வந்து, 'தம்பி, உன் மெஷின் சத்தம் மேல வருதுப்பா'ன்னு சொன்னாங்க. நீங்கதான், 'நான் அளந்து பாத்துட்டேன், மேல ஒண்ணும் வரல, அவளுக்குத்தான் சரியில்ல, எதுவும் கேட்டா ஆமாம்னு தலையாட்டிட்டு வந்துடு'ன்னீங்க. அண்ணன் அளந்து சொன்னா அதுக்கு மேல பேச்சு உண்டா? மெஷினுக்கு அடியில நாலு ரப்பர் கட்டை வெச்சா முடிஞ்ச வேலை இது! நாலே நாலு ரப்பர் கட்டை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிருந்தா அன்னைக்கே வெச்சிருப்பேன். அண்ணியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நான் பழம் விக்கணுமா?

சவுண்டு: என்னடா முணுமுணுக்கிற?

தம்பி: முணுமுணுக்கிறேனா? என் உயிரே போற மாதிரி கத்தறேன்!

டீச்சர்: விடு தம்பி. தள்ளி நில்லு. நான் பேசணும்.

சவுண்டு: சொல்லு. என்ன வேணாலும் திட்டு. வாங்கிக்கறேன்.

டீச்சர்: திட்டா? திட்டினா தீர்ந்துடுமா? அந்த மாத்திரை போட்டா நாக்கு தடிச்சுப் போகும், தெரியுமா உங்களுக்கு? போர்டுல நானே எழுதின எழுத்து எனக்கு ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுச்சு. பாதி பாடத்துல என்ன சொல்ல வந்தேன்னு மறந்து பிள்ளைங்க முன்னாடி முழிச்சுக்கிட்டு நின்னேன். குளிக்கப் போனா தாழ்ப்பாள் போடாதேன்னு சொன்னீங்க, போடல. சமையல்கட்டுல கத்தியை எல்லாம் உங்க அக்கா எடுத்து மேல வெச்சாங்க, ஏன்னு நான் கேக்கல. ராத்திரி முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே, 'இல்ல, இது இல்ல, இது என் மண்டைக்குள்ளதான் இருக்கு'ன்னு எனக்கு நானே சொல்லிப் பழகினேன். இருக்கிறதை இல்லைன்னு நம்பறதுக்குப் பழகினேன்! அது எவ்ளோ கஷ்டம்னு தெரியுமா?

சவுண்டு: தப்புதான்.

டீச்சர்: வெளிய நீங்க ஓடிக்கிட்டே இருக்கீங்க, எல்லாரும் உங்களைப் பாக்கறாங்க. நான் சுவரோட சுவரா ஒட்டிக் கிடக்கேன். அசைய இடமில்ல. அழுத்தம் பூரா எங்க வந்து நிக்கும்? என்கிட்டத்தானே? இத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கேன், இது என் வீட்டுக் கதைன்னு எனக்கே புரியல.

சவுண்டு: தப்புன்னு சொல்லிட்டேனே. கேட்டும் கேக்கலைன்னு சொன்னது தப்பு. இவனுக்காகன்னாலும் தப்புதான்.

டீச்சர்: பொய்.

சவுண்டு: எது பொய்?

டீச்சர்: நீ இப்போ சொன்னது. இவனுக்காகன்னு சொன்னது.

சவுண்டு: 'நீ'யா? யாரைப் பாத்து...

டீச்சர்: உன்னைப் பாத்துத்தான்! பொய்க்காரன்னு பேர் வாங்கினாலும் பரவாயில்ல, பெண்டாட்டியைக் கொடுமை பண்ணினவன்னு பேர் வாங்கினாலும் பரவாயில்ல, அந்த ஒண்ணு மட்டும் வெளிய வந்துடக் கூடாது. அப்படித்தானே?

சவுண்டு: எந்த ஒண்ணு? என்ன உளர்றே?

டீச்சர்: தம்பி, இப்போ சொல்லு. மெஷினை எப்போ நிறுத்தின?

தம்பி: ...மத்தியானம் அண்ணி. நீங்க வந்து சொன்னதும் நிறுத்திட்டேன். பழத்தை எல்லாம் பக்கத்து ஆளோட கிடங்குக்கு மாத்தியாச்சு. கிடங்குக் கதவு திறந்து கிடக்கு. நீங்க முன்பக்கப் படியில ஏறிட்டீங்க அண்ணா, பின்பக்கமா வந்திருந்தா பாத்திருப்பீங்க.

டீச்சர்: அந்தச் சுவர்ல இப்போ ஒரு சத்தமும் இல்ல. ஓடாத மெஷின் உங்களுக்கு முனகுது, ஏறி இறங்குது. சுவர்லேர்ந்துதான் வருதாம்! பேட்டரி இதோ, என் கையிலதான் இருக்கு. உங்ககிட்ட மீட்டர் இருந்தா தப்பிச்சுடுவீங்கன்னு கழட்டி வெச்சேன். ஹால்ல நாற்காலி அதிருதுன்னு அந்த ஆள் கத்தினப்போவே, கட்டைச் சத்தம் காதுல விழாமத்தான் அதை ஏத்தி வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தட்டுச்சு. தம்பி பேசறதுக்கெல்லாம் நீங்க 'என்ன, என்ன'ன்னு கேக்கும்போது நிச்சயம் ஆச்சு. ...எப்போலேர்ந்து உங்களுக்குக் காது கேக்கல?

சவுண்டு: ரெண்டு வருஷம் இருக்கும். கீழ்ச் சத்தம், கட்டையா வர்ற சத்தம் மட்டும்தான். மத்தது கேக்குது. உன் குரல் நல்லாக் கேக்குது.

தம்பி: என் குரல்?

சவுண்டு: பாதி.

தம்பி: அண்ணா... ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே.

சவுண்டு: யார்கிட்ட? காது போன சவுண்டுகாரனை எவன் கூப்பிடுவான்? வாசல்ல வந்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்களேடா. அது போச்சுன்னா அப்புறம் நான் யாரு?

டீச்சர்: அதுக்கு நான் பைத்தியம் ஆகணுமா? சரி. ராத்திரி எழுப்பினப்போ கேக்கலைன்னீங்க. அது பொய் இல்ல, நிஜமாவே கேக்கல. அந்த வரைக்கும் எனக்கு ஆறுதல். மீட்டரை நம்பினீங்க. தொழில் விதிப்படி நடுவுல வெச்சீங்க, அது காட்டல, அதனால சத்தமே இல்லைன்னு நீங்களும் நினைச்சீங்க. அப்படி இருந்தா, காது டாக்டர்கிட்ட நானே உங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். கீழ கார் நிக்குது, இப்போவே போகலாம். அப்படித்தானே நடந்துச்சு? ...ஏன் தலையைக் குனியறீங்க? என்னைப் பாருங்க. மேசைக்கு அடியில இருக்கிற அந்த மூணு தடம்... ஃபேன்தானே?

சவுண்டு: ஃபேன் இல்ல. நீ ஸ்கூலுக்குப் போனதும் ஸ்டாண்டை முதல்ல அங்கதான் வெச்சேன். நம்பர் எகிறுச்சு, எனக்கு ஒண்ணுமே கேக்கல... அப்புறம்தான் அதை ரூம் நடுவுக்கு நகர்த்தி வெச்சுட்டு, நீ வர்ற வரைக்கும் காத்திருந்தேன்.